சம்பூகன் வராத சீரியல்

ராமாயண சீரியலுக்காகத் தலித்துகள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று சொன்னால் நம் தோழர்கள் பலருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "கூலி உயர்வுக்குப் பண்ணலாம், நிரந்தர வேலைக்குப் பண்ணலாம். ராமன் கதைக்குப் போயா பண்ணுவாங்க?" என்று கேட்கிறார்கள். பெரியார் பேசிய மண்ணில் உட்கார்ந்துகொண்டு வடநாட்டுத் தலித்துகளைப் பார்த்து 'உச்' கொட்டுவது நமக்கு ரொம்பச் சுலபம். இந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் ஓடியது. 52 எபிசோடு என்று ஆரம்பித்து 78 ஆக நீண்டது. டி.வி. பெட்டிக்கு மாலை போட்டு, சூடம் கொளுத்தி, கும்பலாக உட்கார்ந்து பார்த்த சீரியல். பட்டாபிஷேகத்தோடு கதையை முடிக்கப் போகிறார்கள் என்றானபோது பஞ்சாபில் ஜலந்தர் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பத்தைக் கீழே போட்டார்கள். உத்தர காண்டத்தையும் காட்டு என்பது கோரிக்கை. வேலைநிறுத்தம் வடஇந்தியாவின் பல பெருநகரங்களுக்குப் பரவியது. குப்பை தேங்கிச்சு. நோய் வருமே என்று பயம் பிடிச்சுக்கிச்சு. அரசாங்கம் இறங்கி வந்தது. 1988 அக்டோபரில் தொடர்ச்சி ஒளிபரப்பானது.

உத்தர காண்டம் எதுக்கு? அங்கேதான் வால்மீகி கதைக்குள் வருகிறார். கர்ப்பிணிப் பெண்ணைப் புருஷன் காட்டுக்குத் துரத்தியபோது இடம் கொடுத்தவர் அவர். லவனையும் குசனையும் வளர்த்தவர், கதையைப் பாடிக் கொடுத்தவர். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் அவரைக் குருவாகவும் கடவுளாகவும் கும்பிடுகிற வால்மீகி சாதியினர். எழுதினவன் எங்க ஆளு, அவனைக் காட்டாம கதையை எப்படி முடிப்பே? இதுதான் அந்தப் போராட்டத்தின் கேள்வி என்று நான் வாசிக்கிறேன். இது பக்தி மட்டுமல்ல. பிரதியின் உரிமை யாருக்கு என்ற விவகாரம்.

அந்தச் சீரியலைப் படித்தவர்களும் விமர்சித்தார்கள். நூற்றுக்கணக்கான ராமாயணங்கள் வழங்குகிற நாட்டில் அரசு ஊடகம் ஒன்றை மட்டும் தேசத்தின் ராமாயணமாக ஆக்குவதைப் பற்றி ரொமிலா தாப்பர் 1989-லேயே எழுதினார். முக்கியமான விமர்சனம்தான். ஆனால் எபிசோடுகளைக் கூட்ட வைத்தது கட்டுரை இல்லை, அள்ளாமல் கிடந்த குப்பை. கோடிக்கணக்கான பேர் பார்த்த ஒரு தொடரில், பார்வையாளர்களில் ஆகக் கீழே வைக்கப்பட்டவர்களின் அபிப்பிராயத்துக்கு அதிகாரம் காது கொடுத்தது, அவர்கள் கை வேலையை நிறுத்தியதால்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் சிரிக்கிறவர் மார்க்சியம் பேசி என்ன, பெரியாரியம் பேசி என்ன?

சரி, அப்போ கொண்டாடிட வேண்டியதுதானா? அதுவும் முடியவில்லை.

வால்மீகி என்ற பெயருக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது. இதே சனங்கள் லால்பேக் என்ற பீரைக் கும்பிட்டு வந்தவர்கள். இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ போய்விடக் கூடாதே என்ற கவலையில், ஆரிய சமாஜம் போன்ற இந்துச் சீர்திருத்த அமைப்புகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வால்மீகியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தின. பெயர் உசந்துச்சு, துடைப்பம் கையை விட்டுப் போகலை. அந்தப் பெயரைக் கடைசிவரை சுமந்த ஓம்பிரகாஷ் வால்மீகி, 1997-இல் வந்த 'ஜூதன்' தன்வரலாற்றில் பள்ளிக்கூடத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறார். துரோணர் வறுமையில் மகனுக்குப் பாலுக்குப் பதிலாக மாவைக் கரைத்துக் கொடுத்த கதையை வாத்தியார் உருகி உருகிச் சொல்கிறார். நாங்க கஞ்சித்தண்ணி குடிச்சு வளர்ந்தோமே, எங்களைப் பத்தி ஏன் எந்தக் காவியமும் பேசலை என்று பையன் கேட்கிறான். பிரம்படிதான் பதில். ஜலந்தர் கேட்டது 'எங்க ஆளைக் காட்டு' என்று. இந்தப் பையன் கேட்டது 'எங்க பாட்டைக் காட்டு' என்று. இரண்டாவது கேள்விக்கு எந்த அரசாங்கமும் எபிசோடு ஒதுக்காது.

இன்னொரு விஷயம். தொழிலாளர்கள் எந்தக் காண்டத்தைக் கேட்டார்களோ, அதே காண்டத்தில்தான் சம்பூகன் இருக்கிறான். பார்ப்பனப் பிள்ளை செத்துப்போகிறது. சூத்திரன் ஒருவன் தவம் பண்ணுவதுதான் காரணம் என்கிறார் நாரதர். ராமன் தேடிப் போகிறான், என்ன வருணம் என்று கேட்கிறான், பதில் சொன்னவன் தலையை வெட்டுகிறான். தேவர்கள் பூமாரி பொழிகிறார்கள். சாகரின் தொடர்ச்சியில் இந்தக் காட்சி கிடையாது. வால்மீகி வந்தார், சம்பூகன் காணாமல் போனான். 'நல்லதுதானே, எதுக்கு அதையெல்லாம் காட்டி மனசைப் புண்படுத்தணும்?' என்று சிலர் சொல்லக்கூடும். யார் மனசு? கொலையை மறைத்தால் கொன்றவனுக்குத்தான் லாபம். இது சாட்சியத்தை அழிக்கிற வேலை. 1936-இலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார்: சம்பூகன் கொலை ராமனின் தனிப்பட்ட கொடூரம் அல்ல, தண்டனை இல்லாமல் நால்வருணம் நிற்காது. அப்படியானால் சம்பூகனை வெட்டி எறிந்த ராமராஜ்யம் எப்படிப்பட்ட ராஜ்யம்? ரத்தக்கறையைக் கழுவிவிட்டு, வாக்குக் கேட்கத் தோதான ராஜ்யம்.

அதே 1988 தொடக்கத்தில் பம்பாயில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். மகாராஷ்டிர அரசு 1987-இல் வெளியிட்ட அம்பேத்கர் தொகுதியில் ராமனையும் கிருஷ்ணனையும் கேள்வி கேட்கிற பகுதி இருந்தது. அதை நீக்கு என்று சிவசேனா கிளம்பியது. நீக்காதே என்று தலித்துகள் பெரும் ஊர்வலம் போனார்கள். அரசுக்கு உடன்பாடில்லை என்ற குறிப்போடு அந்தப் பகுதி தங்கியது. ஞாயிறு காலை டி.வி.யில் ராமன் ஓடிக்கொண்டிருந்த மாதங்கள்தான் அவை. ஒரு இடத்தில் தலித்துகள் ராமாயணத்துக்குள் தங்கள் ஆளைக் கேட்கிறார்கள், இன்னொரு இடத்தில் ராமனை விசாரிக்கிற எழுத்தைக் காப்பாற்றத் தெருவுக்கு வருகிறார்கள். முதலாமவர் ஏமாளி, இரண்டாமவர் விழிப்பானவர் என்று பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டுமே, இந்தக் கதையைச் சொல்ல நீ யார் என்ற கேள்விதான்.

கேள்வி இன்னும் ஓயவில்லை. 2019 செப்டம்பரில் 'ராம் சியா கே லவ் குஷ்' என்ற தனியார் சானல் சீரியல் வால்மீகியைத் திரித்துக் காட்டுகிறது என்று வால்மீகி சமூகத்தார் பஞ்சாபில் பந்த் நடத்தினார்கள். மாநில அரசு தடை போட்டது. சீரியலை நிறுத்துகிற பலம் நம்ம சனங்களிடம் இருக்கிறது என்று மறுபடி தெரிந்தது. மலக்குழிக்குள் மனிதர் இறங்கிச் சாவதை நிறுத்த இதே பலம் ஏன் பந்தாகத் திரளவில்லை என்று நம் தோழர்கள் கேட்பது நியாயம். ஆனால் ஓரமாக நின்று சிரிச்சுக்கிட்டே கேட்க வேண்டாம்.

லலாய் சிங் என்ற உத்தரப் பிரதேசத்துக்காரர் பெரியாரின் ராமாயண விமர்சனத்தை இந்திக்குக் கொண்டுபோனார். 1969-இல் அரசு அதைப் பறிமுதல் செய்தது. 1976-இல் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார். அவரே சம்பூகன் வதத்தை நாடகமாகவும் எழுதினார். சிரித்துவிட்டு ஒதுங்கியவர் அல்ல, அந்தச் சனங்க பேசுற பாஷையில் போய்ப் பேசியவர். ஜலந்தரின் துடைப்பமும் லலாய் சிங்கின் நாடகமும் ஒரே தெருவில் சந்திக்கிற அன்றைக்கு, சம்பூகனையும் காட்டு என்று கேட்கலாம். காட்டாவிட்டால் என்ன செய்வது என்று அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரியும்.