பாடப்பொருள் தேர்வும் நூலழகும்

நூலுக்குரிய அழகுகள் பத்து என்பது நன்னூலார் வகுத்த முறை. அவற்றுள் உலகம் மலையாமை, ஆழமுடைமை என்னும் இரண்டும் இடைநிலைப் பள்ளி மாணாக்கர்க்குப் பாடப்பொருள் தேர்வோர் நெஞ்சில் நிறுத்தற்குரியன.

போருக்கு முன்னர் மலாயாத் தோட்டப் பள்ளிகளில் வழங்கிய தமிழ் வாசக நூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவை. நெகிரி செம்பிலானில் பெரட்டு மணியோசைக்குக் கண்விழித்த பிள்ளை, ஏற்றம் இறைக்கும் உழவனைப் பற்றிப் படித்தது. நடை நன்று, உலகம் வேறு.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் மலாயா நோக்குடைய பொதுப் பாடத்திட்டத்தை வற்புறுத்திற்று. இந்நாட்டு ஊரும் ஆறும் பாடங்களில் இடம்பெறலாயின. இது போற்றத்தக்கதே. ஆயினும் காவிரி என்னுமிடத்தில் லிங்கி ஆறு என்று எழுதிவிட்டால் மட்டும் பாடம் இந்நாட்டதாகிவிடுமா?

இந்நாட்டுப் பொருள் என்றாலே பால்வெட்டுதான் என எண்ணுவதும் மயக்கமே. ரப்பர் நிரைகள் பல செம்பனைக்கு இடம்விட்டன. குடும்பங்கள் பல சிரம்பான், நீலாய்த் தாமான்களில் குடியேறிவிட்டன. அங்கு வளரும் சிறுவனுக்கு வெட்டுக்கத்தியும் மங்கும் ஏற்றத்தைப் போலவே காணாப் பொருள்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏற்றத்தைப் பற்றிக் கேட்க அவன் வீட்டில் ஆளில்லை. மங்கைப் பற்றிச் சொல்லப் பாட்டி இருக்கிறாள். மாணவன் தானே வினவி அறியக்கூடிய உலகமே பாடத்திற்குரிய உலகம் எனக் கொள்ளல் தகும்.

ஆழமும் அங்கேயே கிடைக்கும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா ரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் மாண்டனர். அத்துயரை நாவலாக்கியது ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. அதிலிருந்து ஒரு பகுதியைப் படித்த மாணவனிடம், "உன் குடும்பத்து முதியோரை வினவி எழுதுக" என்றால், மாதிரிக் கட்டுரை நூல் அவனுக்கு உதவாது. அவன் தன் சொற்களைத் தேடியாக வேண்டும். 'என் பொழுதுபோக்கு' என்ற தலைப்போ மனப்பாடத்தையே வளர்க்கும். படிப்பு எழுத்தைப் பிறப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியே பொருள் தேடுவது வீண் உழைப்பு.

ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளிக் கல்விக்குப் பின், தேசிய இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே நிற்கிறது. அச்சில பாடவேளைகளும் சுவையற்றுப் போனால் மாணவன் தமிழை விட்டு நீங்குவான். அக்குற்றத்தை அவன்மேல் சுமத்துவது நேர்மையாகாது. பாடம் தேர்ந்தோர் அதில் தம் பங்கையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.