அலறலுக்கு முந்தைய மௌனம்

விஆர் திகில் கேம் விளையாடுபவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அலறலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அலறினால் சிரிக்கிறார்கள், அத்தோடு முடிந்தது. பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எழுந்துபோவது மாதிரி இது. ருசியெல்லாம் அதற்கு முந்தைய ஓரிரு நிமிடங்களில்தான் இருக்கிறது.

இந்த ரசனையைப் பழக கேப்காம் நிறுவனத்தின் 'கிச்சன்' போதும். 2015 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 கண்காட்சியில் இதைக் காட்டினார்கள். சோனியின் விஆர் ஹெட்செட் அப்போது 'மார்ஃபியஸ்' என்ற பெயரில் தயாராகிக்கொண்டிருந்தது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் கேம். பாழடைந்த சமையலறை. நாற்காலியில் நீங்கள், கைகள் கட்டப்பட்டபடி. தரையில் கிடந்த ஒருவன் விழித்து, உங்கள் கட்டை அறுக்கக் கத்தியோடு வருகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்து நிற்பது உங்களுக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரியவில்லை.

இதில் சாமர்த்தியம் எங்கே என்றால், விளையாடுபவர் நிஜத்திலும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையாலும் ஒரே கன்ட்ரோலரைப் பிடித்திருக்கிறார். அதைத் தூக்கினால் கேமுக்குள் கட்டுண்ட கைகளும் உயர்கின்றன. உடம்பு இருக்கும் நிலையும் கண் காணும் நிலையும் ஒன்று. எழுந்து நடக்கும் வேலை இல்லாததால், பல விஆர் கேம்களில் வரும் தலைச்சுற்றலும் குறைவு. பயத்தைக் கலைக்க ஒன்றுமே மிச்சமில்லை.

என் அண்ணன் மகன் இதை விளையாடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பேய்ப்படத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற பையன். முதல் நிமிடம் வாய் ஓயவில்லை: "சித்தப்பா, கிராஃபிக்ஸ் சுமார்தான்." கேமுக்குள் அந்தப் பெண்ணின் கத்தி தொடையில் இறங்கியபோது உடம்பு ஒருமுறை உதறியது. அந்தப் பெண் கட்டை அறுக்க வந்தவனை இருட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனதும் பையனின் பேச்சு நின்றுவிட்டது. குதிகால் இரண்டும் தரையைவிட்டு எழும்பி, நாற்காலிக்கு அடியில் ஒடுங்கின. கழுத்து இடப்பக்கம் கொஞ்சம் திரும்பி, பாதியிலேயே நின்றது. பின்னால் திரும்பிப் பார்க்க அவனுக்கு மனமில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள் முகத்தை நோக்கி வந்தபோது அவன் அலறவேயில்லை, மூச்சுத்தான் நின்றது. ஹெட்செட்டைக் கழற்றியவன் முதலில் செய்தது, தன் தொடையைத் தடவிப் பார்த்தது. "இங்கேதான் குத்தினா."

அவன் கோழை அல்ல. ரப்பர் கை சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்வினிக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்டது. சொந்தக் கையை மறைத்துவைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், அந்த ரப்பர் கையிலேயே தொடுகை படுவதுபோல் பலருக்குத் தோன்றியது. உடம்பு அவ்வளவு சீக்கிரம் ஏமாறும். விஆர் காட்டும் மெய்நிகர் உலகில் நேரும் மயக்கத்தை ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009-இல் இரண்டாகப் பிரித்தார். 'நான் அங்கே இருக்கிறேன்' என்பது ஒன்று. 'இது உண்மையாகவே நடக்கிறது' என்பது மற்றொன்று. முதலாவது ஹெட்செட்டை மாட்டியதும் வந்துவிடலாம். இரண்டாவது வரும் கணத்தைப் பிடிப்பதுதான் நம் வேலை. பையனின் பேச்சு நின்ற கணம் அது.

ஆகவே டிவியில் ஓடும் காட்சியை ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டு, அடுத்தமுறை அதற்கு முதுகைக் காட்டுங்கள். விளையாடுபவரை மட்டும் பாருங்கள். முகத்தின் பாதியை ஹெட்செட் மறைத்துவிடும், பரவாயில்லை. பாதங்களையும் விரல்களையும் கவனியுங்கள். பின்னாலிருந்து வரும் ஒரு சின்னச் சத்தத்துக்குத் தோள் எப்படி இறுகுகிறது என்று பாருங்கள். வீடியோவில் பார்ப்பதானால், முழு உடம்பும் தெரிகிற பதிவைத் தேடுங்கள். கேமராவுக்காகக் கத்துபவர் வேண்டாம், பேச்சு மறந்துபோகிறவரைப் பாருங்கள்.

கிச்சனில் வந்த பெண்ணை 2017 ஜனவரியில் வெளியான 'ரெசிடென்ட் ஈவில் 7'-இல் மியா என்ற பெயரோடு பார்க்கலாம். முழுக் கேமையும் ஹெட்செட்டில் விளையாடலாம், நல்ல கேம்தான். ஆனாலும் என் ஓட்டு அந்தச் சில நிமிடங்களுக்கே. கையில் துப்பாக்கி வந்ததும், மணிக்கணக்கில் பழகியதும், பயம் வேலையாக மாறிவிடுகிறது. கட்டிப்போட்ட கைக்கு அந்தத் தப்பித்தல் கிடையாது.

ஒரு வேண்டுகோள். விளையாடிக்கொண்டிருப்பவரின் தோளைத் தொட்டுப் பயமுறுத்தாதீர்கள். அவருக்குச் சுற்றியிருப்பது எதுவும் தெரியாது, எழுந்து ஓடினால் அடிபடும். ஹெட்செட்டைக் கழற்றியதும் "பயந்துட்டியா?" என்று முந்திக்கொண்டு கேட்காதீர்கள். அரை நிமிடம் பொறுங்கள், அவராகவே பேசட்டும்.