பணிமேடை மேம்பாடும் பயில்வோர் பழக்கமும்

கருவியின் சிறப்பு அதனைச் செய்தோன் திறத்தால் மட்டும் அமைவதன்று. கையாள்வோன் கைக்கு அஃது எவ்வளவு இசைந்தது என்பதனாலும் அமைவதாகும். யாழுக்கும் ஏருக்கும் இவ்வுண்மையை உடன்படும் நாம், கணினிக்கு மட்டும் உடன்படத் தயங்குகின்றோம். புதிய பதிப்பு வந்ததெனின் பழையது தாழ்ந்தது என்று கொள்வதே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினித் திரையில் நாம் காணும் முகப்பு, பட்டியல்கள், சாளரங்கள், அவற்றை நம் விருப்பிற்கேற்ப மாற்றும் அமைப்புகள் ஆகியவற்றை ஒருங்கே பணிமேடைச் சூழல் என்பர். மூலநிரலை மறைக்காது, எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிக்கும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்பர். இவ்வுரிமையை முன்னிறுத்தி ரிச்சட் ஸ்டால்மன் 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்தார். லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அதன்மேல் இயங்கும் பணிமேடைகளுள் கே.டி.ஈ. 1996 இலும் குனோம் 1997 இலும் தொடங்கப்பெற்றன.

இப்பொருள் நமக்கு ஏன் வேண்டும் என்று வினவுவாரும் உளர். விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவை அதன் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. நன்கொடையாக வந்த பழங்கணினிகளைக் கொண்டு பாடம் நடத்தும் பாடசாலைக்கு, எல்லவிலோ பசறையிலோ லுணுகலையிலோ, கட்டற்ற முறைமை ஒன்றே கைப்பொருள் செலவின்றித் திறந்திருக்கும் வழியாகும். அங்கே கணினி பழுதுற்றாற் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ எடுத்துச் செல்லல் வேண்டும். ஆகவே, ஒரு மேம்பாடு நன்றா தீதா என்னும் வினா அங்குள்ள ஆசிரியருக்கு வெறும் சுவை பற்றியதன்று; மறுநாட் பாடம் நடைபெறுமா என்பது பற்றியது.

மேம்பாடு எப்போதும் மேன்மை தருவதில்லை என்பதற்கு வரலாறே சான்று. கே.டி.ஈ.யின் 3.5 ஆம் பதிப்பு முதிர்ந்து, பலராலும் விரும்பப்பட்டு நின்றது. 2008 சனவரியில் 4.0 வெளிவந்தபோது, அடித்தளம் முழுவதும் புதிதாக எழுதப்பட்டிருந்தமையால், பழையதிற் கிடைத்த வசதிகள் பல அதிற் காணப்படவில்லை. நிலையற்றது என்ற பெயரும் அதற்கு வந்தது. 2011 இல் வந்த குனோம் 3, சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானைத் தலைப்புப் பட்டையினின்றும் நீக்கியது. கணினியை நிறுத்தும் கட்டளையையோ ஒரு விசையை அழுத்தினாலன்றித் தோன்றாதவாறு மறைத்தது. கே.டி.ஈ.யின் மாற்றத்தால் குனோமுக்குச் சென்றிருந்த டோர்வால்ட்ஸ், குனோம் 3 ஐக் கண்டபின் அதனையும் வெளிப்படையாகக் குறைகூறி எக்ஸ்.எவ்.சி.ஈ. என்னும் எளிய பணிமேடைக்கு மாறினார். லினக்சைத் தந்தவருக்கே இந்நிலையெனின், முதன்முறை கணினி பயிலும் மாணவன் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

மேம்பாட்டை முற்றாக ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. பாதுகாப்புக் குறைகள் அதனாலேயே அடைக்கப்படுகின்றன. புதிய அச்சுப்பொறியும் பிற உறுப்புகளும் அதனாலேயே இயங்குகின்றன. நம் கொம்பும் காலும் திரையில் உரிய இடத்தில் நிற்பதும் எழுத்துருப் பொறிகள் காலந்தோறும் திருந்தி வந்ததன் பயனே. நாம் குறைகூறுவது மாற்றத்தையன்று, மாற்றத்தின் சரிவையே. எல்லவிலிருந்து பதுளை செல்லும் இருப்புப்பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாதை 1924 இற் பதுளையை எட்டியது. தெமோதரை நிலையத்தை விட்ட வண்டி, குன்றைச் சுற்றி வந்து, அந்நிலையத்தின் அடியிலேயே உள்ள சுரங்கத்தினூடு செல்கின்றது. செங்குத்தாய் இறங்க வண்டிக்கு இயலாமை கண்ட பொறியியலார், பாதையை நீட்டிச் சரிவைக் குறைத்தனர். பணிமேடை செய்வோர் பலர் இதற்கு மாறாகப் பாதையைக் குறுக்கிவிட்டு, இறங்கமாட்டாத பயணியை நோகின்றனர்.

காலத்தால் பழையது நீங்குவதையும் புதியது சேர்வதையும் நன்னூலார் வழுவெனக் கொள்ளவில்லையே என்பார்க்கு விடை உண்டு. அவர் கூறியது வழங்குவோர் நாவில் தானே நிகழும் மாற்றத்தை. பணிமேடை மாற்றமோ செய்வோரால் விதிக்கப்படுவது. ஆயினும், கட்டற்ற மென்பொருளின் தனிச்சிறப்பு இவ்விடத்திலேதான் வெளிப்படுகின்றது. குனோம் 3 ஐ ஏற்காதோர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் 2011 இற் பழைய குனோம் 2 இன் நிரலை எடுத்து மாத்தே என்னும் பணிமேடையாகத் தொடர்ந்தார். மாத்தே என்பது தென்னமெரிக்கர் வெந்நீரிலிட்டுப் பருகும் ஓர் இலையின் பெயர். தேயிலை நாட்டார்க்கு இப்பெயர் இனிதே ஒலிக்கும். பயனரின் பழக்கத்தைக் காக்கும் உரிமை உரிமப் பத்திரத்தில் உறங்காது செயலாயிற்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இனி, அமைப்புகளைப் பற்றி ஆராய்வாம். பயனர் தம் விருப்பப்படி செய்யும் அமைப்புகள் பெரும்பாலும் அவர்தம் இல்ல அடைவில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைகோப்புகளில் உறைகின்றன. பெரும் பதிப்பு மாறும்போது புதிய பணிமேடை அவற்றுட் சிலவற்றைப் படிக்கும், சிலவற்றைப் புறக்கணிக்கும். குனோமின் நீட்சிகளும் அத்தகையனவே. 2023 இல் வந்த 45 ஆம் பதிப்பு அவை அனைத்தையும் திருத்தி எழுதுமாறு செய்தது. முன்னிருப்பான அமைப்புகளும் மாறும். கே.டி.ஈ. பிளாஸ்மாவில் ஒருமுறை சொடுக்கினாற் கோப்புத் திறப்பதே முன்னிருப்பாயிருந்தது. 2024 பெப்ரவரியில் வந்த 6 ஆம் பதிப்பில் அஃது இருமுறையாயிற்று. சிறு மாற்றமே, ஆயினும் நாற்பது மாணவர் ஒரே வேளையிற் கை உயர்த்துதற்கு அது போதும்.

இவற்றினும் பெரிய குறை மொழி பற்றியது. கே.டி.ஈ.யும் குனோமும் தன்னார்வலர் உழைப்பால் தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றில் ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் இணையான தமிழ்த்தொடர் தனிக்கோப்பில் எழுதி வைக்கப்படுகின்றது. புதிய பதிப்பில் ஆங்கிலத் தொடரின் ஒரு சொல் மாறினும், பழைய தமிழ்த்தொடர் ஐயத்துக்குரியதெனக் குறிக்கப்பட்டுத் திரையினின்றும் நீங்கும். அவ்விடத்தில் ஆங்கிலம் தோன்றும். மொழிபெயர்ப்போர் உடன் திருத்தாவிடின், கணினி மேம்பட மேம்படத் தமிழ் தேயும். கலைச்சொல் வேற்றுமையும் இதனோடு சேர்கின்றது. நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்பதனைத் தமிழகத்தார் இயங்குதளம் என்பர். விசைப்பலகையும் இங்கே ரெங்கநாதன் முறை, அங்கே தமிழ்99 முறை. பாடநூலில் ஒரு சொல்லும் திரையில் மற்றொரு சொல்லும் காணும் மாணவன், இறுதியில் ஆங்கிலத்தையே எளிதெனக் கொள்வான். அவன்மீது குற்றமில்லை.

ஆதலின் நம் முடிபு இதுவாகும்: மேம்பாட்டின் உரைகல் அது புதிதாகக் கூட்டுவது எது என்பதன்று, பயில்வோரிடம் முன்பே உள்ளவற்றுள் எதனைக் கெடாது காக்கின்றது என்பதே. பாடசாலைக்கு நெடுங்கால ஆதரவுடைய பதிப்பே தக்கது. உபுண்டுவில் அத்தகைய பதிப்பு ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவந்து ஐயாண்டு ஆதரவு பெறுகின்றது. பழங்கணினிக்கு எக்ஸ்.எவ்.சி.ஈ., மாத்தே போன்ற எளிய பணிமேடைகள் ஏற்றவை. மேம்படுத்துமுன் இல்ல அடைவின் படியொன்றை வேறிடத்திற் காத்தலும், ஒரு கணினியிற் பார்த்து நலமாயின் மட்டுமே ஏனையவற்றில் நிறுவுதலும், விடுமுறைக் காலத்தில் அதனைச் செய்தலும் ஆசிரியர் கடனாகும்.

எஞ்சிய கடன் பழைய மாணவர்க்கும் தமிழ் கற்றார்க்கும் உரியது. கணினியை வாங்கி அனுப்புதல் ஒருநாட் கொடை. திரையின் சொற்களைத் திருத்தித் தருதலோ ஒவ்வொரு பதிப்புக்கும் தொடர வேண்டிய கொடை. அதற்கு நிரலெழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல தமிழும் பொறுமையும் இருப்பிற் போதும். அவ்வுழைப்புக் கிடைக்குமாயின், அடுத்த மேம்பாட்டின் பின்னும் தோட்டத்து மாணவன் தன் மொழியிலேயே தன் வேலையைத் தொடர்வான்.