ரெட்டுக்கு ஃபாலோ: கேரம், காசு, கை நடுக்கம் பற்றிச் சில குறிப்புகள்

1

2012இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்துவாச்சாரியில் நான் 500 ரூபாய் தோற்றேன். எம்.ஏ. இரண்டாம் ஆண்டுப் பரீட்சைக்குக் கட்டவேண்டிய பணம். ஷூ கம்பெனி வேனில் போய்வரும் அம்மா சனிக்கிழமை பட்டுவாடாவில் மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

கலெக்டர் ஆபீஸும் கோர்ட்டும் இருக்கிற நெடுஞ்சாலையை விட்டு மலைப்பக்கம் ஏறும் தெருவொன்றில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை. இரண்டு கேரம் போர்டு, தாழ்வாகத் தொங்கும் இரண்டு பல்பு, பவுடர் நெடி. கொட்டகைக்காரரை எல்லோரும் பாய் என்போம். போர்டு வாடகை மட்டும் அவருக்கு. ஆடுகிறவர்கள் கட்டும் காசு அவர் கண்ணில் படாது என்பது ஏற்பாடு.

மூன்றாவது கேம், கடைசி போர்டு. நான் 20, எதிராளி 21. எனக்கு ஒரே ஒரு வெள்ளைக் காய் பாக்கி. அவனுக்கு இரண்டு கறுப்பு. ரெட்டும் இருக்கிறது. ரெட்டைப் போட்டு வெள்ளையை ஃபாலோ போட்டால் அவனது இரண்டு காய்க்கு 2, ரெட்டுக்கு 3, மொத்தம் 25. கேம் என்னுடையது. ரெட் கஷ்டமான இடத்தில் கிடந்தது. கட்டையில் அடித்துத் திருப்பி எடுத்தேன், விழுந்தது. கொட்டகையே கத்தியது. வெள்ளைக் காய் பாக்கெட் வாயிலேயே நின்றுகொண்டிருந்தது. சின்னப்பிள்ளைகூடப் போடும். அதை நான் விட்டேன். காய் ஓரத்தில் இடித்து வெளியே வந்து நின்றது. ரெட் நடுவுக்குத் திரும்பியது. அவன் அவசரப்படாமல் ஒரு கறுப்பு, பிறகு ரெட், ஃபாலோவாக இன்னொரு கறுப்பு என்று முடித்தான். எனது ஒரு காய்க்கு 1, ரெட்டுக்கு 3. அவன் 25.

‘மனச அடக்கத் தெரில மச்சி ஒனக்கு’ என்றான் கூட வந்தவன். பத்து வருஷம் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு எதிரான வாதம்தான் இக்கட்டுரை.

கேரம் ஆடாதவர்களுக்கு ஒரு விளக்கம். பூல் மேசையில் ஃபவுல் இல்லாமல் விழுந்த பந்து விழுந்ததுதான். கேரத்தில் ரெட் அப்படியல்ல. அதே அடியிலோ அடுத்த அடியிலோ சொந்தக் காய் ஒன்றைப் போட்டு அதை உறுதிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அடைந்ததை அடைந்ததாக ஒப்புக்கொள்ள இன்னொரு சாட்சியம் கேட்கும் ஆட்டம் இது. ரெட்டைக் குறிபார்க்கும்போது கை நடுங்குவதில்லை. அப்போது இழக்க ஒன்றும் கையில் இல்லை. ஃபாலோவின்போதுதான் நடுங்குகிறது.

2

தமிழில் இந்த நடுக்கத்தைப் பற்றிப் பேச ஒரு தனி இலக்கிய வகையே இருக்கிறது. அப்துற் றஹீம், எம்.எஸ். உதயமூர்த்தி காலத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடைகளை நிறைத்துக்கொண்டிருக்கும் தன்னம்பிக்கை நூல்கள். அவற்றின் சொல்லாடலில் மனம் என்பது வீடு வாசல் கடன் கப்பி எதுவுமில்லாத ஒரு தனிப்பொருள். அதைக் கழுவித் துடைத்து ஒருமுகப்படுத்திவிட்டால் கை தானாக நிற்கும். நிற்கவில்லையென்றால் கோளாறு உன்னிடம். தோற்றவனை அவனது தோல்விக்கே குற்றவாளியாக்கும் ஏற்பாடு இதில் கச்சிதமாக முடிந்துவிடுகிறது.

இதற்கு எதிரான சான்று நம் ஊர்ப்பக்கமே கிடக்கிறது. டான் ஏரியலி, யூரி நீஸி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நினா மஸார் என்ற நால்வர் 2009இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. மதுரைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு கிராமப்புறத்தில் நடத்தியது. 87 பேரை ஆறு விளையாட்டுகள் ஆடவைத்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 4 ரூபாய், இன்னொன்றுக்கு 40, மூன்றாவது பிரிவுக்கு 400. ஆறிலும் நன்றாக ஆடினால் மூன்றாம் பிரிவுக்காரருக்கு 2400 ரூபாய் கிடைக்கும். அன்றைக்கு அங்கே அது பல மாதச் செலவுக்கான பணம். மிக மோசமாக ஆடியவர்கள் இந்த மூன்றாம் பிரிவினர்தான். (ஏரியலி பங்கேற்ற வேறொரு கட்டுரை, தரவுகள் புனையப்பட்டவை என்ற காரணத்தால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அது இதுவல்ல. ஆனாலும் சொல்லிவிடுவது நேர்மை.)

முடிவைவிட இந்தச் சோதனை நடந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏன் இங்கே வந்தார்கள்? ஒரு அமெரிக்கரை நடுங்கவைக்க ஆகும் செலவில் இங்கே பலரை நடுங்கவைக்கலாம். பெரிய கம்பெனி நிர்வாகிகளுக்குத் தரும் கொழுத்த போனஸ் பயன்தருமா என்ற அவர்களது கேள்விக்கு நமது கிராமத்து ஆட்களின் கை நடுங்கிக் காட்டியிருக்கிறது. நிர்வாகியின் கை நடுங்கவேண்டுமானால் எவ்வளவு பணம் வைக்கவேண்டும் என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும்.

வேலூருக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சான்று. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேரை, வெட்டுக்கு முன்னால் கைவறண்டு இருக்கும்போதும் வெட்டு முடிந்து பணம் வந்த பின்னும் ஒரேவிதமான அறிவுச் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். அதே ஆள், அதே மூளை. பணம் வந்தபின் நன்றாகச் செய்தார்கள். மனம் என்று நாம் சொல்வது வீட்டு அடுப்பிலிருந்து பிரித்துவைக்கக்கூடிய பொருளாக இல்லை.

என்னுடைய எதிராளி தோல் மண்டி வைத்திருந்தவரின் மகன். நல்லவன், நன்றாக ஆடுவான். அதை மறுக்கவில்லை. அவனுக்கு 500 ரூபாய் நாலு பேருடைய ஆம்பூர் பிரியாணிச் செலவு. எனக்கு ஒரு வருஷம். இரண்டு பேரும் ஒரே தொகையைக் கட்டினோம் என்பது கணக்குப் புத்தகத்து உண்மை. ஒரே பணயத்தை வைத்தோம் என்பது பொய்.

3

நமது இலக்கியத்தில் சூது எப்போதுமே அரசர்களின் பிரச்சினை. குறளில் சூது 94ஆவது அதிகாரம். வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை என்ற வரிசையில் பொருட்பாலில் நிற்கிறது. தருமன், நளன் எல்லோரும் நாட்டை வைத்து ஆடியவர்கள். தினக்கூலிக்காரன் கட்டும் ஐம்பது ரூபாய்க்குக் காவியத்தில் இடமில்லை.

ஆனாலும் பாரதப் பிரதியில் கவனிக்கப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. சகுனி ஏன் ஜெயித்தான் என்று யாரைக் கேட்டாலும் மாயக் கட்டை, அப்பன் எலும்பில் செய்த தாயம் என்பார்கள். வியாசரின் சபா பர்வத்தில் ஆட்டம் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பணயம் நான் வைக்கிறேன், என் சார்பில் மாமா ஆடுவார் என்கிறான் துரியோதனன். ஒருவன் வைக்க இன்னொருவன் ஆடுவது முறையல்ல என்று தருமன் ஆட்சேபிக்கிறான். அப்புறம் ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அந்த ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது என்பதே என் வாசிப்பு. சகுனியின் பணயத்தில் சகுனியுடையது ஒன்றுமில்லை. எதிரே தருமன் தன்னுடையதாக நினைத்த அத்தனையையும், தம்பிகளையும் பெண்டாட்டியையும்கூட, வைத்துக்கொண்டு நடுங்குகிறான். தன்னுடையவை அல்லாதவற்றை வைத்து ஆடினான் என்பதற்குத் திரௌபதி சபையில் கேட்ட கேள்வியே சாட்சி.

தோல் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல. பாலாற்றைப் பணயம் வைத்து ஆடிய ஆட்டத்தில் ஆறு ஆடியவர்களுடையதாக இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று சொன்ன உச்சநீதிமன்றம் தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஒரு ஆற்றுக்கு எதிரே தலைக்குப் பத்தாயிரம். அந்தத் தொகைக்கு எந்த முதலாளியின் கை நடுங்கும்?

4

அதே 1996இல் அதே உச்சநீதிமன்றம் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கையும் தீர்த்தது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் போட்ட சட்டம் பற்றிய வழக்கு. குதிரைப் பந்தயம் பெருமளவு திறமையைச் சார்ந்தது, எனவே சூதாட்டம் ஆகாது என்பது தீர்ப்பு. 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்திலேயே வெறும் திறமை விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. கேரம் திறமை விளையாட்டா என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. அந்த 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதே, 1991இலும் 1995இலும் உலக சாம்பியனான சென்னையின் மரிய இருதயத்துக்குத்தான் போனது.

ஆனால் நான் பார்த்தது வேறு. ஒரு நாள் கொட்டகைக்குக் காக்கிச் சட்டைகள் வந்தன. இரண்டு போர்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விலக்குப் பிரிவை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. பாய் திரும்ப வாங்கப் போகவுமில்லை. ‘போனா போர்டோட நம்மளையும் வச்சிக்குவானுங்க’ என்றார்.

ஸ்னூக்கர் விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டன என்பது அந்த ஆட்டத்தின் பெருமைமிகு வரலாறு. 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் அதைத் தொடங்கிய நெவில் சேம்பர்லின் என்ற அதிகாரி காசு வைத்துத்தான் ஆடினார். அங்கே அது பொழுதுபோக்கு, கொட்டகையில் அது குற்றம். இணைய ரம்மிக் கம்பெனிகள் வந்தபோதும் அதே ‘திறமை’ என்ற சொல்தான் அவர்களுக்குக் கேடயமானது. 2021இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடை அவ்வாண்டே உயர்நீதிமன்றத்தில் விழுந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 2023 தீர்ப்பு ரம்மி, போக்கர் இரண்டையும் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம்தான் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டுப் பணம் கட்டும் இணைய ஆட்டம் முழுவதையும் தடுத்தது. அதுவரை எத்தனையோ வீடுகள் போய்ச் சேர்ந்தன. திறமை என்ற சொல் ஆட்டத்தின் குணத்தைச் சொல்வதாக நினைக்கிறோம். நடைமுறையில் அது ஆடுகிற இடத்தின் அந்தஸ்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

5

அப்படியானால் நடுக்கத்துக்கு ஏழைக்கு மருந்தே இல்லையா? இங்கேதான் எனது வாதத்தை நானே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூலிக்காரன் கை எப்போதும் நடுங்கும் என்றால் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியதை எப்படி விளக்குவது? வறுமையை வென்ற மனஉறுதி என்று எழுதுவது சுலபம். தெருத்தெருவாகக் கேரம் கிளப் வைத்திருக்கும் வடசென்னையின் தலைமுறைப் பழக்கம் அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விடும்.

கொட்டகையில் ஒரு தம்பி இருந்தான். ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் வேலை. தோலில் ஒரு வெட்டு பிசகினால் சூப்பர்வைசர் பேசுகிற பேச்சு தனி. நாள் முழுக்கப் பிசகாமல் வெட்டுகிற அந்தக் கைக்குத் திறமை என்ற பெயரை யாரும் கொடுத்ததில்லை. காசு ஆட்டத்தில் அவன் ஃபாலோ விட்டு நான் பார்த்ததில்லை. ரெட் விழுந்ததும் அடிக்கமாட்டான். ஸ்ட்ரைக்கரை லுங்கியில் துடைப்பான், கொஞ்சம் பவுடர் தூவுவான், மூச்சை வெளியே விடுவான், எப்போதும் அடிக்கும் அதே வேகத்தில் அடிப்பான். எப்படிடா என்று கேட்டேன்.

‘என் காசா இருந்தா ஆடும்ணா. பங்குக் காசுதானே.’

விஷயம் இதுதான். 500 ரூபாய் ஆட்டம் என்றால் அவன் தனியாகக் கட்டமாட்டான். பத்துப் பேர் தலைக்கு ஐம்பது. அதில் அவனும் ஒருவன். ஜெயித்தால் பிரிப்பார்கள். தோற்றால் ஆடினவனை ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. எழுதாத விதி, ஆனால் நான் பார்த்தவரை யாரும் மீறவில்லை. பத்துப் பேர் கண்ணும் உன்மேலதானே இருக்கும், அது பயமில்லையா என்றேன்.

‘தோத்தா பத்து பேரும் ரெண்டு நாளு டீ குடிக்க மாட்டோம். வூட்ல அடுப்பு எரியும்ல?’

சகுனிக்குப் பணயம் வைத்தவன் அரசன். இவனுக்கு வைத்தவர்கள் இவனைப் போன்ற ஒன்பது பேர். இருவர் கையும் நடுங்கவில்லை. ஆனால் முன்னது மற்றவனை அழிக்க அதிகாரம் கொடுத்த துணிச்சல். பின்னது இழப்பைத் தாங்கும் அளவுக்குத் துண்டுபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு. தன்னம்பிக்கை நூல்கள் மனதில் தேடும் நிதானத்தை இந்தப் பையன்கள் ஒருவரோடொருவர் வைத்திருந்த உறவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். துடைப்பதும் மூச்சுவிடுவதும் பயன்தருகின்றன, மறுக்கவில்லை. பங்குக்குப் பிறகுதான் அவை பயன்தருகின்றன.

இதைப் புனிதப்படுத்திவிட வேண்டாம். அந்தப் பத்துப் பேரில் ஒரு பெண்ணும் கிடையாது. கொட்டகைக்குள் பெண்கள் வந்து நான் பார்த்ததில்லை. ஐம்பது ரூபாய்ப் பங்கு வாரத்துக்கு நாலு முறை என்றால் அடுப்பும் அணையத்தான் செய்யும். பட்டுவாடா நாளில் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும் அந்த ஆட்டத்தில் பணயம் வைத்தவர்கள்தான். அவர்களை யாரும் கேட்கவில்லை. எனது 500 ரூபாயிலும் அம்மாவைக் கேட்கவில்லை. திரௌபதியின் கேள்வி சபைக்கு மட்டுமல்ல, கொட்டகைக்கும் பொருந்தும்.

பரீட்சைப் பணத்தைக் கடைசியில் அம்மா வேலை செய்த லைனிலிருந்த நாலு பெண்கள் சேர்ந்து கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. அதையும் பங்கு என்றுதான் சொல்லவேண்டும். எம்.ஏ. பட்டம் என்ற ரெட்டை நான் போட்டேன். ஃபாலோ போட்டது அவர்கள்.

கதை எழுதுகிற நண்பர்களுக்கு ஒன்று. சூதாடுகிறவனைப் பற்றி எழுதும்போது அவன் நெற்றி வியர்வையையும் விரல் நடுக்கத்தையும் வர்ணிக்கிறீர்கள். நல்லது. காசு யாருடையது, தோற்றால் எந்த வீட்டில் எது நிற்கும், யாரைக் கேட்டுக் கட்டினான் என்ற மூன்றையும் கூடவே எழுதுங்கள்.