அணைக்கும் முன் அலறும் டிரிம்மர்

2000 எம்ஏஎச் பேட்டரி, டைப்-சி சார்ஜர், டைட்டானியம் பூச்சுள்ள அடி பிளேடு, அதன் மேல் ஓடும் செராமிக் பிளேடு, 3, 6, 9, 12 மில்லிமீட்டரில் நான்கு பிளாஸ்டிக் சீப்புகள், 5000, 6000, 7000 சுற்று என்று மூன்று வேகம். தண்ணீரில் கழுவலாம். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் செல்லப்பிராணி டிரிம்மர்கள் பெரும்பாலும் இதே ஜாதகத்தோடுதான் வருகின்றன. பார்க்கவும் ஒரே உடம்புதான், ஸ்டிக்கர் மட்டும் மாறுகிறது. அதனால் என்னிடம் உள்ளது எந்த ஸ்டிக்கர் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். பேச வேண்டியது அதன் பொத்தானைப் பற்றி.

மொத்தமே ஒரு பொத்தான். ஒருமுறை அமுக்கினால் குறைந்த வேகம், மறுபடி அமுக்கினால் நடுவேகம், மூன்றாவது அமுக்கில் உச்ச வேகம், நான்காவதில்தான் நிற்கும். குறைந்த வேகத்தில் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்த நினைத்தாலும் நடுவையும் உச்சத்தையும் தொட்டுவிட்டுத்தான் நிறுத்த முடியும். சமையலறை மிக்ஸியைக்கூட ஒன்றிலிருந்து நேராகப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடலாம். மூன்று வரை போய்விட்டு வா என்று அது கேட்பதில்லை. பொத்தானை அமுக்கிப் பிடித்தால் நிற்குமோ என்று கையேட்டைப் புரட்டினேன். அமுக்கிப் பிடிப்பது, பயணத்தின்போது பையில் தானாக ஓடிவிடாமல் பூட்டுவதற்காம். அதுவும் இயந்திரம் நின்றிருக்கும்போதுதான் வேலை செய்யும்.

மனுஷன் தாடியை ஒதுக்கும் இயந்திரத்தில் இது ஒரு குறையே இல்லை. பூனையின் அக்குளில் வைக்கிற இயந்திரத்தில் இதுதான் எல்லாம்.

எங்கள் வீட்டில் இருப்பவன் பெயர் ஜமீன். பதினொரு வயது பெர்சியன். மூட்டு வலி வந்துவிட்டதால் உடம்பை வளைத்துப் பின்தொடையை நக்க முடியவில்லை. வயதான பூனைகளுக்கும் குண்டான பூனைகளுக்கும் சடை பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். உதிர வேண்டிய உள்முடி கீழே விழாமல் நீண்ட மேல்முடிக்குள் மாட்டிக்கொள்ளும். முடியின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். நடக்கும்போது எங்கெல்லாம் தோலோடு தோல் உரசுகிறதோ, அங்கெல்லாம் இறுகும். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், வயிறு. முதலில் விரலால் பிரிக்கலாம் போல இருக்கும் சிக்கு, சில வாரத்தில் தோலோடு ஒட்டித் தட்டையாகிவிடும். பூனை எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் அந்தத் தோலை இழுக்கும். அடியில் காற்று போகாமல் சிவந்து புண்ணாகும்.

நாக்கு பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்கு 2018-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்வேன். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் வீட்டுப் பூனை முதல் சிங்கம், புலி வரை பல பூனையினங்களின் நாக்கை ஆராய்ந்தார்கள். நாக்கில் உள்ள முட்கள் வெறும் முட்கள் இல்லை. நுனியில் குழிந்தவை, வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சிப்போய் முடியின் அடிவரை சேர்ப்பவை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ கால்வாசியை இந்த வேலைக்கே பூனை செலவிடுகிறது. அவர்கள் அந்த முள்ளின் நீளத்தையும், நாக்கால் அழுத்தும்போது முடி எவ்வளவு தடிமனாகப் படுகிறது என்பதையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலான பூனைகளில் முள் தோல்வரை எட்டுகிறது. எட்டாமல் போனது பெர்சியனில். ஆக ஜமீனுக்கு மூட்டு வலி இல்லாமல் இருந்தாலும் அவன் நாக்கு அவன் முடிக்குப் போதாது. மனுஷன் அழகுக்காக வளர்த்தெடுத்த முடி, அதை மனுஷன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் டிரிம்மர். கத்தரிக்கோலை நான் வீட்டில் பூனைப் பக்கமே கொண்டுபோவதில்லை. பூனைத் தோல் மெல்லியது, தொளதொளப்பானது. சடையைப் பிடித்து மேலே தூக்கினால் கூடவே தோலும் கூடாரம் போல எழும்பி வரும். சடையின் அடி எது, தோல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. சடையை வெட்டப்போய்த் தோலை வெட்டி, தையல் போட ஓடி வருகிறவர்களைப் பற்றி எந்தக் கால்நடை மருத்துவரிடம் கேட்டாலும் சொல்வார். முதலில் குளிப்பாட்டிவிட்டு அப்புறம் பிரிக்கலாம் என்பதும் தலைகீழ் யோசனை. தண்ணீர் பட்டுக் காய்ந்தால் சடை இன்னும் இறுகும். எதிர்வீட்டு மாமி தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். அதில் தூசி ஒட்டிச் சிக்கு இன்னும் கெட்டிப்படும், மிச்சம் பூனை வயிற்றுக்குள் போகும். நீலகிரித் தைலம், டீ ட்ரீ ஆயில் பக்கம் போகவே கூடாது, பூனைக்கு அவை விஷம். இளம் சிக்குக்கு ஒரு சிட்டிகை சோளமாவைத் தூவி விரலால் நெகிழ்த்திப் பார்க்கலாம், அது உண்மையிலேயே பலன் தரும். ஃபர்மினேட்டர் மாதிரி உதிர்முடி எடுக்கும் கருவிகள் நல்லவைதான். ஆனால் அவை சிக்கில்லாத முடிக்கு. சடையில் போட்டு இழுத்தால் பூனை நம்மை வாழ்நாளுக்கும் மன்னிக்காது.

இறுகிப்போன சடைக்கு ஒரே வழி, தோலுக்கும் சடைக்கும் நடுவே பிளேடைப் படுக்கவாட்டில் நுழைத்து அப்படியே கழற்றி எடுப்பது. தொழில்முறை கிளிப்பர்களில் இதற்கு 10-ஆம் எண் பிளேடு. 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். எண் ஏற ஏற இன்னும் ஒட்ட வெட்டும். அறுவை சிகிச்சைக்கு முன் மழிக்கிற 40-ஆம் எண் கால் மில்லிமீட்டர்தான் விடும், அதில் தோல் காயப்படுவதும் எளிது. என் டிரிம்மரின் பக்கவாட்டுத் திருகில் 0.8 முதல் 2 மில்லிமீட்டர் வரை வைக்கலாம். 1.6-இல் வைத்து, சடைக்கு அடியில் ஒரு மெல்லிய இரும்புச் சீப்பைக் காவலாகச் செருகி, அதற்கு மேலே ஓட்டுகிறேன்.

இந்த இடத்தில் நியாயமாகச் சொல்ல வேண்டும், பிளேடு பிரமாதம். சடையில் தடுக்கி நிற்பதில்லை, முடியைப் பிடுங்குவதில்லை. செராமிக் என்பதால் சீக்கிரம் சூடேறுவதும் இல்லை. இருந்தாலும் அவ்வப்போது மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், எல்லோரும் பார்க்க வேண்டும். நமக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிற பிளேடு தொடையிடுக்குத் தோலைச் சுட்டுவிடக்கூடும். நான்கு பிளாஸ்டிக் சீப்புகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சடைக்குள் அவை போகவே போகாது. மூன்று மில்லிமீட்டர் சீப்பை அம்மா கொத்தமல்லிக் கட்டை மூடும் கிளிப்பாக மாற்றிக்கொண்டாள், நன்றாகப் பிடிக்கிறது. எதிர்பாராத வரவு, பெட்டியில் இரண்டாவதாக வந்த குறுகலான தலை. பாதத்துக்கு அடியில் விரல் இடுக்கு முடியை எடுப்பதற்காக வந்தது அது. அக்குளுக்கும் காதுக்குப் பின்பக்கத்துக்கும் அகலத் தலையைவிட அதுதான் லாயக்கு. அகலத் தலையைக் கழற்றிவைத்து நாளாகிறது.

இவ்வளவு நல்ல பிளேடை அந்தப் பொத்தான் பாழாக்குகிறது.

பெட்டியின் மேல் '50 டெசிபலுக்கும் குறைவு' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். டெசிபல் கணக்கு வழக்கமாக மனிதக் காதுக்கு ஏற்ப எடை போட்டு அளப்பது. நாம் கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ். வீட்டுப் பூனையின் செவித்திறனை அளந்த ஹெஃப்னர் தம்பதியின் 1985 ஆய்வில் அது 85 கிலோஹெர்ட்ஸ் வரை போனது. எலிக்குஞ்சு கீச்சிடுவதையும் கேட்டுவிடும் காது. மோட்டாரின் கீச்சொலியில் நம் காதுக்கு எட்டாத மேல் பகுதி எவ்வளவு என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்க மாட்டார்கள். போதாதற்கு அதிர்வு வேறு நேராகத் தோலில் இறங்குகிறது.

குறைந்த வேகத்தை ஜமீன் பொறுத்துக்கொள்கிறான். அம்மா மடியில் பழைய துண்டைப் போட்டு, அவனைப் படுக்கவைத்து, கன்னத்தில் சொறிந்துகொண்டே இருந்தால் ஒரு சடையில் பாதி வரை வரும். வாலை ஒருமுறை டக்கென்று அடித்தால் போதும் என்று அர்த்தம். அப்போதே நிறுத்த வேண்டும். பூனையிடம் எந்த வேலையையும் அது போதும் என்று சொல்வதற்கு ஒரு கணம் முன்னால் முடித்துவிட வேண்டும், அப்போதுதான் நாளைக்கும் வரும். இந்த இயந்திரமோ அந்தக் கணத்தில்தான் தன் முழுக் குரலையும் எடுக்கிறது. நல்லபடியாக உட்கார்ந்ததற்குப் பரிசாக ஒவ்வொரு முறையும் ஓர் அலறல். முதல் வாரத்தில் டிரிம்மரைக் கண்டால் முகர்ந்துபார்த்தவன், போகப்போகப் பொத்தானை நோக்கி என் கட்டைவிரல் நகர்வதைப் பார்த்தே கட்டிலுக்கு அடியில் பாய ஆரம்பித்தான். வெட்டும்போது பயமில்லை, நிறுத்தும்போதுதான் பயம்.

அம்மாதான் முதலில் வழி கண்டுபிடித்தாள். "டேய், இங்க நிறுத்தாதடா. ஓடுறது ஓடட்டும், அப்படியே எடுத்துட்டு வெளிய போ." அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஓடுகிற டிரிம்மரைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்பக்க பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு மூன்று முறை அமுக்குகிறேன். கொடியில் துணி காயப்போட வரும் பக்கத்து வீட்டு அண்ணன் என்ன நினைக்கிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இந்தப் பால்கனி யாத்திரைக்குப் பிறகு ஜமீன் ஓரளவு திரும்பி வந்தான்.

கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'ஒற்றைப் பொத்தான் இயக்கம் எங்கள் தயாரிப்பின் சிறப்பம்சம்' என்று பதில் வந்தது. கூடவே அடுத்த முறை வாங்க ஒரு தள்ளுபடிக் கூப்பனும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் தெரு முனை சலூனில் பழைய கம்பி வைத்த கிளிப்பரில் கட்டைவிரலால் தள்ளுகிற ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மேலே தள்ளினால் ஓடும், கீழே தள்ளினால் நிற்கும். அங்கே யாரும் அதைச் சிறப்பம்சம் என்று சொல்வதில்லை. மூன்று வேகம் வேண்டும் என்று யார் கேட்டார்கள்? சடை எடுக்க உச்ச வேகம் எனக்கு ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. பெட்டியில் '3 ஸ்பீடு' என்று அச்சிட வேண்டும், அதற்காக ஒரு பூனை தினமும் 7000 சுற்றைக் கேட்டாக வேண்டும்.

கடைசியில் அதைச் சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒரு பழுதுபார்க்கும் கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார் பெரிய விஷயம்" என்று, பேட்டரியிலிருந்து போர்டுக்குப் போகும் சிவப்பு ஒயரை நறுக்கி, நடுவில் ஒரு சின்ன ஸ்லைடு ஸ்விட்சை வைத்து, உடம்பில் ஓட்டை போட்டு ஒட்டிக் கொடுத்தார். பாகத்தின் விலையைவிட எனக்கு வாங்கிக் கொடுத்த டீயின் விலை அதிகம். இப்போது ஸ்விட்சைக் கீழே தள்ளினால் மின்சாரம் அறுந்து சத்தமில்லாமல் நிற்கிறது. மறுபடி மேலே தள்ளினால் போர்டுக்குப் பழைய நினைவு எதுவும் இருப்பதில்லை. பொத்தானை ஒருமுறை அமுக்கினால் குறைந்த வேகத்திலிருந்து தொடங்கும். உத்தரவாதம் போனது, தண்ணீரில் கழுவும் வசதியும் போனது. பிரஷ்ஷால் தட்டி, பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைக்கிறேன்.

நீள்முடிப் பூனை வைத்திருப்பவர்கள் இந்த வகை டிரிம்மரை வாங்கலாமா என்றால், கடையில் பேட்டரி எவ்வளவு என்று கேட்காதீர்கள். கையில் வாங்கி ஓடவிட்டு, குறைந்த வேகத்திலிருந்து நேராக நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்குவதானால், வாங்கியவர்கள் போட்ட காணொளியில் கடைசி மூன்று விநாடியைக் காதால் கேளுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய சடை, அடியில் சிவப்பு, தொட்டாலே கடிக்கிற பூனை என்றால் எந்த டிரிம்மரும் வேண்டாம். லேசான மயக்கத்தில் மருத்துவரே எடுத்துவிடுவது அதற்கு நிம்மதி. என்னுடையதைப் போல ஸ்விட்ச் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொன்று: சார்ஜ் போடும்போது அந்த ஸ்விட்ச் மேலே தள்ளியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவு முழுக்கச் செருகி வைத்தாலும் பேட்டரியில் ஒரு துளி ஏறாது.