காப்பியும் செம்பனையும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தின் பெயரை அறியாதார் மிகச் சிலரே. வாணிக நோக்கோடு செம்பனை இந்நாட்டில் முதன்முதல் நடப்பட்டது அங்கேதான், ஆண்டு 1917. நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். சில ஆண்டுகளுக்கு முன்னரே சுமத்திராவிலிருந்து விதை பெற்று ரந்தாவ் பாஞ்சாங்கில் ஊன்றிப் பார்த்தவர் அவர். தென்னமரத்தில் வைத்திருந்த காப்பி பயன் தரவில்லை. அதனை விடுத்தார்; செம்பனையைத் தொடர்ந்தார். எதனை விடுவது, எதனைத் தொடர்வது என்ற அந்தத் தெளிவே பின்னாளில் நாட்டுக்கு ஒரு பெரும் விளைபொருளைத் தந்தது.

அதே தெளிவு வேண்டப்படும் புதிய கலைத்துறை ஒன்று உண்டு. அது வீடியோ விளையாட்டு. இன்று தோட்டத்து வீடுகளிலும் பிள்ளைகளின் மாலைப்பொழுதை ஆள்வது அதுவே. கதை, ஓவியம், இசை மூன்றும் அதில் கலந்து நிற்றலின், அது திறனாய்வுக்குப் புறம்பானது அன்று. அத்துறையில் அடிக்கடி எழும் வினா ஒன்று: குறை இருந்தும் நம்பிக்கையூட்டிய ஒரு விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் செய்ய வெளியீட்டாளர் மறுப்பது ஏன்?

‘ஸ்லீப்பிங் டாக்ஸ்’ என்பதன் வரலாறு இதனை விளக்கும். ஹாங்காங் நகரில், மாறுவேடத்தில் குற்றக்கும்பலுள் புகுந்த ஒரு காவலனின் கதை அது. கடமைக்கும் நட்புக்கும் இடையே அவன் படும் பாடு உள்ளத்தைத் தொடுவது. கைகலப்புக் காட்சிகளும் சிறப்பானவை. காட்சிக் கோணம் நிலைகொள்ளாமை போன்ற குறைகளும் உண்டு. முதலில் பொறுப்பேற்றிருந்த ஆக்டிவிஷன் நிறுவனம் 2011-இல் இதனைக் கைவிட்டது. ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் ஏற்று, 2012 ஆகஸ்டில் வெளியிட்டது. 2013 மார்ச்சுக்குள் ஏறத்தாழ 17 இலட்சத்து 50 ஆயிரம் படிகள் விற்றன. ஆயினும் அது எதிர்பார்த்த அளவன்று என்றது நிறுவனம். தொடக்க நிலையில் இருந்த இரண்டாம் பாகம் நிறுத்தப்பட்டது. அதனைப் படைத்த வான்கூவர் குழுவும் 2016-இல் கலைந்தது.

இதற்கு மாறாக, 2007-இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்’ விளையாட்டை நோக்குக. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது என்று அதன்மேல் குறை கூறாதார் அரியர். எனினும் அது பல இலட்சம் படிகள் விற்றது. ஆகவே 2009-இல் இரண்டாம் பாகம் வந்தது. முன்னைய குறைகளுள் பல அதில் நீங்கின. இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். தொடர்ச்சியை முடிவு செய்வது குறையின் அளவு அன்று, விற்பனையின் அளவே.

வெளியீட்டாளர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் ஆகாது. முதற்பாகத்தை வாங்கி மகிழ்ந்தவரே பெரும்பாலும் இரண்டாவதைத் தேடி வருவர். முதலது சலிப்பூட்டினால் அக்கூட்டம் சுருங்கும், செலவோ சுருங்காது. நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய தொழில் இது. இழப்பு நேர்ந்தால் அவ்வளவு பேரின் ஊதியமும் ஆட்டம் காணும்.

ஆனால் இக்கணக்கில் ஒரு பிழை உண்டு. முதற்பாகத்துக்குச் செலவிட்டதன் பயன் விற்ற படிகளில் மட்டும் இல்லை. படைத்தோர் கற்ற பாடத்திலும் உள்ளது. குழு கலைந்தால் அந்தப் பாடமும் கலைகிறது. பெயரும் உரிமையும் நிறுவனத்தின் பெட்டியில் இருக்கும். கை தேர்ந்தவர் வேறெங்கோ இருப்பர்.

இதன் இழப்பு நம்மவரையும் தொடும். புனே நகரக் குழு ஒன்று 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ என்னும் விளையாட்டு, தம்பியைத் தேடி அசுரரை எதிர்க்கும் ஒரு சிறுமியின் கதை. இடையிடையே நிழற்பாவைக்கூத்து வடிவில் கதை சொல்லப்படுகிறது. வயாங் கூலிட் கண்ட மலேசியருக்கு அது அயலானது அன்று. 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி கைகூடவில்லை. குழுவினருள் ஒருவர் தம் வீட்டையே விற்றுப் பணி தொடர்ந்தது. ஓவியம் உயர்ந்தது; சண்டை முறை சற்றே வறியது; முடிவு திடீரென அறுந்து நிற்கிறது. இத்தகைய படைப்பை முதற்பாகத்தின் குறைகொண்டே எடை போட்டால், நம் புராணங்களும் ஊர்களும் இக்கலையில் இடம் பெறும் வாயில் அடைபட்டுவிடும்.

ஆகவே திறனாய்வாளர் மதிப்பெண் இட்டு அமைதல் போதாது. குறை வேரில் உள்ளதா, இலையில் உள்ளதா என்று பிரித்துக் காட்டல் வேண்டும். கருத்தே வெறுமையாயின் அது வேர்க்குறை, விடுதல் நன்று. கருத்து உயர்ந்து, செய்திறன் மட்டும் தளர்ந்திருப்பின் அது இலைக்குறை. அடுத்த பருவத்தில் நீங்கும். செம்பனையும் நட்ட மறு ஆண்டே குலை தள்ளுவதில்லை. ஏறத்தாழ மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். காப்பியைத் தொடர்ந்திருந்தால் ஃபோக்கோனியே பொருளிழந்திருப்பார். செம்பனையையும் கூடவே விட்டிருந்தால் நாடு இழந்திருக்கும்.