12.60 என்றால் என்ன? மாமல்லபுரத்து அலைகளும் நம் விளையாட்டு எழுத்தும்

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். ஆண்கள் ஓபன் இறுதிச் சுற்றில் தென் கொரியாவின் கனோவா ஹீஜே 15.17, இந்தோனேசியாவின் பஜார் அரியானா 14.57, ரமேஷ் 12.60. நான் படித்த செய்திகள் எல்லாம் இந்த மூன்று எண்களைப் போட்டுவிட்டு, வரலாற்றுச் சாதனை என்று ஒரு வரி சேர்த்து, முடித்துக்கொண்டன.

எனக்கு உறுத்தியது அந்த 12.60தான். நூறு மீட்டர் ஓட்டத்தில் 10.20 வினாடி என்றால் அது கடிகாரம் சொன்னது. நீளம் தாண்டுதலில் 8 மீட்டர் என்றால் டேப் சொன்னது. 12.60ஐச் சொன்னது யார்? கரையில் உட்கார்ந்திருந்த நடுவர்கள். அதாவது, அது ஒரு விமர்சனம். ஒருத்தர் அலையில் என்ன செய்தார் என்று பார்த்து, ரசித்து, குறை கண்டு, கடைசியில் எண்ணாகச் சுருக்கிய விமர்சனம். நாம் அதை அளவீடு மாதிரி வாங்கி, அளவீடு மாதிரியே அச்சடிக்கிறோம். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில் எண் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு சுற்று என்பது இருபது நிமிடம், சில சமயம் அரை மணி. அதற்குள் வீரர் பல அலைகளைப் பிடிக்கலாம். ஒவ்வொரு அலைக்கும் பத்துக்கு மதிப்பெண். ஐந்து நடுவர்கள் இருந்தால் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றுக்குச் சராசரி எடுப்பார்கள். கடைசியில் மிகச் சிறந்த இரண்டு அலைகள் மட்டும் கூட்டப்படும். மொத்தம் இருபதுக்கு. நடுவர்கள் பார்ப்பது இவை: எவ்வளவு துணிந்து இறங்கினார், செய்தது எவ்வளவு கடினம், புதுசாக ஏதாவது இருந்ததா, ஒன்றோடொன்று எப்படிக் கோத்தார், வேகமும் வலிமையும் ஒழுக்கும் இருந்ததா.

இப்போது 12.60க்குத் திரும்புவோம். இது 6.30ம் 6.30ம் ஆக இருக்கலாம். 8.10ம் 4.50ம் ஆகவும் இருக்கலாம். இரண்டும் இரண்டு வேறு கதைகள். முதல் கதையில் ஒருவர் நிதானமாக, ஒரே தரத்தில், இரண்டு நல்ல அலைகளை முடித்திருக்கிறார். இரண்டாவது கதையில் ஒரு அபாரமான அலைக்குப் பிறகு இன்னொன்று கிடைக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தவித்திருக்கிறார். மொத்தத்தை மட்டும் போட்டால் இரண்டு கதையும் செத்துப்போகிறது. நடுவர்களின் அளவுகோலில் 6லிருந்து 7.9 வரை 'நன்று', 8க்கு மேல் 'மிக நன்று'. அலை ஒன்றுக்குச் சராசரி பார்த்தால் தங்கம் வாங்கியவருக்கு ஏறக்குறைய 7.6, ரமேஷுக்கு 6.3. சராசரியில் இரண்டுமே 'நன்று'க்குள்தான் வருகின்றன. 2.57 புள்ளி வித்தியாசம் என்று படிக்கும்போது தோன்றும் தூரம் வேறு, இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது தெரியும் தூரம் வேறு.

இங்கே பனிச்சறுக்கை ஒப்பிடுவது உதவும். நமக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டுதான். ஆனால் அலைச்சறுக்கின் பெரியப்பா பிள்ளை மாதிரி. ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கில் மொகல்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. மேடும் பள்ளமுமான சரிவில் வளைந்து வளைந்து இறங்கி, இடையில் இரண்டு முறை தாவ வேண்டும். அங்கே மதிப்பெண்ணில் 60 விழுக்காடு வளைவுகளின் தரத்துக்கு, 20 தாவலுக்கு, மீதி 20 வேகத்துக்கு. வேகம் மட்டும் கடிகாரம் தருவது. மற்ற இரண்டும் நடுவர் தருவது. மதிப்பெண் பட்டியலில் மூன்றும் தனித்தனியாக இருக்கும். வேகத்தில் வென்று வளைவில் தோற்றவர் யார் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அலைச்சறுக்கில் அந்த வசதி இல்லை. எல்லா அழகும் ஒரே எண்ணுக்குள் அடைந்துவிடுகிறது. அதனாலேயே அந்த எண்ணைப் பிரித்துச் சொல்ல எழுதுகிறவர் தேவைப்படுகிறார்.

பருவம் முழுக்க நடக்கும் உலகக் கோப்பைத் தொடரின் கணக்கும் கவனிக்க வேண்டியது. பனிச்சறுக்கில் ஒவ்வொரு போட்டியிலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 60. அரைப் புள்ளியில் ஜெயித்தாலும் இருபது புள்ளியில் ஜெயித்தாலும் பருவப் பட்டியலில் அதே 100, 80தான். பெய்ஜிங் 2022 ஒலிம்பிக்கில் பெண்கள் பிக் ஏர் பிரிவில் எய்லீன் கு 188.25, பிரான்சின் டெஸ் லெடு 187.50. முக்கால் புள்ளி. கடைசித் தாவலில் கு தன் பழைய தாவல் ஒன்றை மெருகேற்றியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அதுவரை போட்டியில் செய்திராத 1620 பாகைச் சுழற்சிக்குப் போனார், 94.50 வாங்கினார். அந்த முடிவுதான் அன்றைய போட்டி. அது பட்டியலில் வராது, எழுத்தில்தான் வரும். அன்று பார்த்தவர்கள் அதைத்தான் எழுதினார்கள்.

ஆனால் பனிக்கும் கடலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பனிச்சரிவை இயந்திரம் வைத்துச் செதுக்குகிறார்கள். எல்லாரும் அதே மேட்டிலிருந்துதான் தாவுகிறார்கள். கடல் அப்படி யாருக்கும் வரிசை போட்டுக் கொடுப்பதில்லை. ஒரே சுற்றில், பக்கத்துப் பக்கத்தில் மிதக்கும் இரண்டு பேருக்கு வேறு வேறு அலை. நடுவர்களும் அன்றைய கடலுக்குத் தக்கபடிதான் அளவுகோலை வைக்கிறார்கள். மாமல்லபுரத்தின் ஒரு 7 புள்ளியும், 2024 ஒலிம்பிக் நடந்த தஹிதியின் டீஹுபோவில் ஒரு 7 புள்ளியும் ஒன்றல்ல. ஆகவே, அன்று கடல் எப்படி இருந்தது என்று சொல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் சொல்வது, பிட்ச் எப்படி என்று சொல்லாமல் டெஸ்ட் மேட்ச் ஸ்கோர் சொல்வதைவிட மோசம்.

கடலைப் பற்றிச் சொல்ல நம்மிடம் என்ன குறைச்சல்? எங்கள் கேளம்பாக்கத்திலிருந்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்கே போனால் கோவளம். கோவளத்து மீனவர் யாரைக் கேட்டாலும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் சொல்வார். மேற்கிலிருந்து அடிப்பது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இந்த இரண்டு சொல் போதும், நம் கரையின் போட்டிப் பருவத்தைப் பாதி விளக்கிவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பும் பேரலைகள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு நம் கரைக்கு வருகின்றன. காலையில் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்போது அலையின் முகம் நிமிர்ந்து, வழவழவென்று, கிழியாமல் நிற்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பினால் அதே அலை நொறுங்கிச் சப்பையாகிவிடும். ஆகஸ்டில் இங்கே போட்டி வைப்பதற்கும், காலைச் சுற்றுகள் தங்கம் மாதிரி மதிப்புள்ளவை என்பதற்கும் காரணம் இதுதான். தெற்கிலிருந்து வரும் அலை கிழக்கு பார்த்த கரையில் வடக்கு நோக்கி உடைவதால் கோவளம் முனையின் அலை வலப்பக்கமாக ஓடும். இடது காலை முன்வைத்து நிற்பவருக்கு அலை முகத்துக்கு நேரே இருக்கும். வலது காலை முன்வைப்பவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆட வேண்டும். ஒரு வீரரின் மதிப்பெண்ணைப் படிக்கும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டாமா?

காலைக் கடல் இவ்வளவு மதிப்புள்ளது என்றால் அடுத்த கேள்வி தானாகவே வருகிறது. அந்த நேரம் எந்தப் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டது? ஆண்கள் ஓபனா, பெண்களா, 18 வயதுக்குட்பட்டவர்களா? உலக அலைச்சறுக்கு லீக் 2019 முதல் ஆண், பெண் இருவருக்கும் சமப் பரிசுத்தொகை தருகிறது. பணத்தில் சமம் வந்துவிட்டது, நல்லது. கடலில் சமம் வந்ததா என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. காற்று மாறிய பிறகு இறங்கிய ஒரு பெண் 9 புள்ளி எடுத்தால் பட்டியலில் அது பலவீனமாகத் தெரியும். எந்தச் சுற்று எத்தனை மணிக்கு நடந்தது, அப்போது காற்று எந்தப் பக்கம் என்று ஒரு நிருபர் எழுதினால் போதும், அந்த 9 புள்ளியின் நிறமே மாறிவிடும்.

இதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது என்ன? ஒரே அச்சில் வார்த்த கதை. மீனவக் குடும்பம், வறுமை, உடைந்த பலகை, விடாமுயற்சி, பதக்கம். இதில் பொய் இல்லை. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததும், அருண் வாசு போன்றவர்கள் ஆதரவு சேர்ந்ததும், அங்கிருந்து ஒரு தலைமுறை வந்ததும் உண்மையான வரலாறு. ஆனால் அந்தக் கதை வீரர் தண்ணீரில் இறங்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. கமலி மூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமியாக வெறுங்காலில் ஸ்கேட்போர்டு ஓட்டிய அவரைப் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' என்ற குறும்படம் 2020ல் பாஃப்டா பரிந்துரை வரை போனது. நல்ல படம். அது ஒரு தாயைப் பற்றிய படம், அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. அதன் பிறகு அவர் அலைச்சறுக்கில் தேசியப் போட்டிகளில் பட்டங்கள் வென்றார். இன்றும் அவரைப் பற்றிய கட்டுரைகளில் அந்த வெறுங்கால்தான் முதல் பத்தி. அவர் எந்த அலையை விடுகிறார், எதைப் பிடிக்கிறார், திருப்பத்தில் எடையை எங்கே வைக்கிறார் என்று தமிழில் ஒரு பத்தி நான் படித்ததில்லை. ஹரீஷ் முத்து, ஸ்ரீகாந்த், அஜீஷ் அலி, சஞ்சய் செல்வமணி என்று யாரை எடுத்தாலும் இதே நிலைதான். நான்கு பேருக்கும் நான்கு பாணி இருக்கும். எழுத்தில் நால்வரும் ஒருவரே.

இரக்கம் காட்டுவது ஒரு வகை, கவனம் செலுத்துவது வேறு வகை. கலைஞர்களுக்கு நாம் கவனத்தைக் கொடுத்திருக்கிறோம். மார்கழி சீசனில் ஒரு வித்வானின் கச்சேரியைப் பற்றி எழுதும்போது யாரும் அவர் குடும்பக் கஷ்டத்தோடு நிறுத்துவதில்லை. தோடி எப்படி, நிரவல் எங்கே சோர்ந்தது, தனி ஆவர்த்தனம் தேவையா என்றுதான் எழுதுகிறார்கள். 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதியதும், பின்னால் சுப்புடு எழுதியதும், சபாவுக்கே போகாத ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தது. சுப்புடுவின் தீர்ப்போடு சண்டை போட்டவர்கள்கூட அதன் மூலமாகத் தங்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அலைச்சறுக்கும் நடுவர் பார்த்து மதிப்பிடும் ஆட்டம். அதாவது அது ஓட்டப்பந்தயத்தைவிடக் கச்சேரிக்கு நெருக்கமானது. அதற்கு ஒரு சுப்புடு வேண்டும்.

இது ரொம்பச் சின்ன விளையாட்டு, இதற்குப்போய் இவ்வளவா என்று கேட்கலாம். சதுரங்கமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனந்த் வந்தார், பத்திரிகைகள் மெல்லக் கற்றுக்கொண்டன. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை வென்றபோது, கடைசி ஆட்டத்தில் டிங் யானையை எங்கே தவறாக நகர்த்தினார் என்று டீக்கடையில் பேசினார்கள். கிராமத்தில் பாருங்கள், ஜல்லிக்கட்டில் ஓடிப்போகிற மாட்டையும் நின்னு விளையாடுற மாட்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத ஆள் உண்டா? பாணியைப் பார்த்து மதிப்பிடுவது நமக்குப் புதுசே இல்லை. கடற்கரைக்கு அதைக் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான்.

இதில் வெறும் ரசனை மட்டும் பணயம் இல்லை. 2026ல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அலைச்சறுக்கு இருக்கிறது. நம் நாட்டில் ஒரு பருவத்துக்கு நடக்கும் தேசியப் போட்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒருவருடைய ஒரு வருஷ உழைப்பு சில இருபது நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த இருபது நிமிடத்தில் கடல் படுத்துவிட்டால் நாலு புள்ளியோடு வெளியே வர வேண்டும். விளம்பரதாரரும் அதிகாரியும் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். அந்த நாலு புள்ளி திறமைக் குறைவா, அலை கிடைக்காததா, முன்னுரிமை கையில் இருந்தும் தவறான அலைக்குத் துடுப்புப் போட்டதா என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி எழுத்தில் இல்லாவிட்டால், அடுத்த பலகைக்கான பணம் யாருக்குப் போகும் என்பதைப் பட்டியலே தீர்மானிக்கும்.

ரொம்பக் கேட்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் யாராவது இந்தப் போட்டிகளைப் பற்றி எழுதினால் ஐந்து விஷயம் சேருங்கள். சுற்று எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம். மொத்த மதிப்பெண்ணோடு இரண்டு அலைகளின் மதிப்பெண்ணும் தனித்தனியாக. எத்தனை அலை பிடித்தார், எதையெல்லாம் விட்டார். முன்னுரிமை யாரிடம் இருந்தது. கடைசியாக, நடுவர்களின் தீர்ப்பு உங்களுக்கு ஒப்புதலா, இல்லையென்றால் ஏன். ஐந்தாவதுதான் முக்கியம். நடுவர்களோடு கரையில் நின்று சண்டை போட ஆள் வந்த பிறகுதான் இந்த விளையாட்டு நம்முடையதாகும்.